நியாயம் வேகெட் பக்கம்

பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் 'மென்மையான படம்' என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அடிதடி இல்லை, வில்லன் இல்லை, கடைசியில் கல்யாணம் நடக்கிறது, ஆகவே மென்மை. 1949 ஜூன் மாதம் லண்டனில் வெளியான 'விஸ்கி கலோர்!' படத்துக்கும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதே சான்றிதழ்தான் கிடைத்துவருகிறது. படத்தில் ஒரே ஒரு கிழவர் சாகிறார். அதுவும் ஊரில் விஸ்கி தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்து, உயிரை விடுகிறார். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

இந்த மென்மை தானாக வந்ததில்லை. உண்மையில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து எதையெல்லாம் நீக்கினால் சிரிப்பு மிஞ்சும் என்று பார்த்துப் பார்த்து உருவாக்கிய மென்மை இது. நீக்கியவை ஏராளம். ஆனால் ஒன்றை மட்டும் இயக்குநர் விடாப்பிடியாக உள்ளே வைத்துக்கொண்டார். படம் இன்னும் உயிரோடு இருப்பது அந்த ஒன்றால்தான் என்று நினைக்கிறேன்.

கதை எளிமையானது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தில் டாடே என்றொரு கற்பனைத் தீவு. ஆண்டு 1943. போர்க்காலத் தட்டுப்பாட்டில் தீவின் விஸ்கி முழுவதும் தீர்ந்துபோகிறது. ஊரே இழவு வீடு மாதிரி ஆகிறது. அந்த நேரம் பார்த்து, மூடுபனியில் ஒரு சரக்குக் கப்பல் பாறையில் ஏறி நிற்கிறது. உள்ளே 50,000 பெட்டி விஸ்கி. ஊர்க்காரர்கள் அதை எடுக்கப் பார்க்கிறார்கள். தீவின் ஊர்க்காவல் படைக்குத் தலைவரான ஆங்கிலேயர் கேப்டன் வேகெட் தடுக்கப் பார்க்கிறார். வேகெட் தோற்கிறார். இதற்கு நடுவே அஞ்சல் நிலையமும் கடையும் நடத்தும் ஜோசப் மக்ரூனின் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும். விஸ்கி இல்லாமல் நிச்சயதார்த்த விருந்து கிடையாது. அந்த விருந்து இல்லாமல் கல்யாணமும் கிடையாது. ஆக, கொள்ளையடிப்பதற்கு ஒரு குடும்பப் பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது.

காம்ப்டன் மெக்கன்ஸி 1947இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்த கதை இது. நாவலுக்கு மூலம், 1941 பிப்ரவரி 5ஆம் தேதி எரிஸ்கே தீவருகே தரைதட்டிய 'எஸ்.எஸ். பொலிட்டீஷியன்' என்ற கப்பல். (படத்தில் அதன் பெயர் 'எஸ்.எஸ். கேபினட் மினிஸ்டர்'. அரசியல்வாதிக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.) லிவர்பூலிலிருந்து ஜமைக்காவுக்கும் அங்கிருந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்கும் புறப்பட்ட கப்பல் அது. சுமார் 22,000 பெட்டிகளில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான விஸ்கி பாட்டில்கள் இருந்தன. மாலுமிகள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். மீட்புக் குழு எடுக்க முடிந்த சரக்கை எடுத்தது. விஸ்கி இருந்த ஐந்தாம் எண் அறையில் கடல்நீரும் எண்ணெயும் புகுந்துவிட்டதால் அதைக் கைவிட்டது. எரிஸ்கேயிலிருந்தும், பிறகு சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் இரவு இரவாகப் படகுகள் கிளம்பின.

அந்த இரவுகளைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு செய்தி படத்தில் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கப்பலுக்குள் எண்ணெய் மிதந்ததால், அதில் இறங்கியவர்களின் துணியில் படிந்த கறையே சுங்க அதிகாரிக்குச் சாட்சியாகிவிடும். எனவே ஆண்கள் தங்கள் மனைவியரின் பழைய கவுன்களை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். தாடியும் கவுனுமாக, கையில் கொக்கிக் கயிற்றோடு, இருட்டில் விஸ்கி பெட்டிகளைத் தூக்கும் மீனவர்களைக் கற்பனை செய்து பாருங்கள்.

இதற்கு மறுபக்கம் உண்டு. சார்லஸ் மெக்கால் என்ற சுங்க அதிகாரிக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. ஏற்றுமதிச் சரக்கு என்பதால் அந்த விஸ்கிக்கு வரி கட்டப்படவில்லை. ஆகவே உள்நாட்டில் அதை ஒரு மடக்குக் குடித்தாலும் அரசுக்கு நஷ்டம் என்பது அவர் கணக்கு. போலீஸை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சோதனை போட்டார். பலர் நீதிமன்றம் ஏறினார்கள். முதலில் சில பவுண்டு அபராதத்தோடு விட்டார்கள். பிறகு வந்த வழக்குகளில் சிறைத் தண்டனையே விழுந்தது. போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், தீவிலிருந்து கடலோடப் போய்க்கொண்டிருந்த சமூகத்தைச் சேர்ந்த மீனவர்கள் விஸ்கிக்காக இன்வர்னெஸ் சிறைக்குப் போனார்கள். கப்பலில் ஜமைக்காவுக்கு அனுப்பிய பத்து ஷில்லிங் நோட்டுகளும் இருந்தன, சுமார் 2,90,000. கொஞ்ச நாளில் அவையும் வெளியே தலைகாட்ட ஆரம்பித்தன. கடைசியில், 1942 ஆகஸ்டில், கப்பலில் எஞ்சிய பகுதிக்கு வெடி வைத்தார்கள். குடிக்கக் கூடிய விஸ்கியை அரசே வெடி வைத்துத் தகர்த்தது தீவுக்காரர்கள் மனத்தை விட்டு நெடுங்காலம் அகலவில்லை.

சிறை, நோட்டுக்கட்டு, வெடி மூன்றும் படத்தில் இல்லை. இவை நாம் எதிர்பார்க்கக்கூடிய நீக்கங்கள்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு மாற்றங்கள்.

முதலாவது ஆண்டு. 1941 பிப்ரவரியில் பிரிட்டன் ஏறக்குறையத் தனியாக நின்றது. ஜெர்மானியப் படையெடுப்பு எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற அச்சம் நிஜமானது. ஊர்க்காவல் படையைத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1940 மே மாதம் தொடங்கிய படை அது. மெக்கன்ஸி கதையை 1943க்குத் தள்ளினார். 1943இல் படையெடுப்பு அபாயம் பெரும்பாலும் கடந்துபோயிருந்தது. அப்போது ஒரு தீவின் ஒற்றைச் சாலையில் முள்கம்பித் தடுப்பு போட்டு, பாராசூட்டில் எதிரி இறங்குவானா என்று காத்திருப்பவர் கோமாளியாகத்தான் தெரிவார். அதே மனிதரை 1941இல் நிறுத்தினால் சிரிப்பு பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். இரண்டு ஆண்டுகளை நகர்த்தியதில்தான் வேகெட் நகைச்சுவைப் பாத்திரமானார்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்கா கடனாகத் தளவாடம் கொடுக்கும் சட்டம் 1941 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முந்தைய மாதம் கிளம்பிய கப்பல் 'பொலிட்டீஷியன்'. அன்றைய நிலையில் பிரிட்டனுக்கு டாலர் வேண்டும். டாலர் கிடைத்தால்தான் போர்ப் பொருள் வாங்க முடியும். டாலர் ஈட்டித் தரக்கூடிய சில சரக்குகளில் ஸ்காட்ச் விஸ்கி முதல் வரிசையில் இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்காமல் விஸ்கி கப்பலேறியதற்குக் காரணம் அதுதான். ஆக, 'இது தேசத்தின் சொத்து, இதைத் தொடாதே' என்று சொல்கிறவர் வெறும் விதிப்பித்தர் என்று சொல்லிவிட முடியாது. படம் இந்தப் பொருளாதாரத்தைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. விஸ்கி எங்கே போகிறது, ஏன் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நாம் எந்தப் பக்கம் நிற்போம் என்பது நிச்சயமில்லை.

இரண்டாவது மாற்றம் மதம். எரிஸ்கே, பார்ரா, தெற்கு யூயிஸ்ட் ஆகிய தீவுகள் கத்தோலிக்கத் தீவுகள். அங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் மற்ற வேலைகளைப் பார்க்கலாம். ஓய்வுநாளில் துரும்பைக்கூட அசைக்கக் கூடாது என்ற கண்டிப்பு, வடக்கே உள்ள புராட்டஸ்டண்ட் தீவுகளுக்கு உரியது. நாவலில் மெக்கன்ஸி இரண்டு டாடேக்களைப் படைத்தார்; பெரியது புராட்டஸ்டண்ட், சின்னது கத்தோலிக்கம். அவரே கத்தோலிக்கத்துக்கு மாறியவர், பார்ராவில் வீடு கட்டி வாழ்ந்தவர். இரண்டு திருச்சபைகளின் உரசலை எழுதுவதில் அவருக்கு ருசி இருந்தது. படம் இரண்டு தீவையும் ஒன்றாக்கி, புராட்டஸ்டண்ட் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது. சமயச் சண்டை போனது. ஓய்வுநாள் மட்டும் மிஞ்சியது.

இந்தச் சுருக்கத்தால் நாவல் எதையோ இழந்திருக்கலாம், படத்துக்கு லாபம். கப்பல் மாட்டிக்கொண்ட செய்தி கேட்டு ஆண்கள் படகை நோக்கி ஓடும்போது கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது. ஞாயிறு பிறந்துவிட்டது. ஓட்டம் அப்படியே நிற்கிறது. மறுநாள் முழுதும் ஊர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய்வந்து, கரையில் நின்று, எட்டிப்பிடிக்கும் தூரத்தில் விஸ்கிக் கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை முணுமுணுப்பதில்லை. அரசின் சட்டத்தை மீறப் போகிறவர்கள் ஆண்டவனின் சட்டத்தை ஒரு நிமிடம்கூட மீற மாட்டார்கள். திருட்டுக்கும் நேரம் காலம் உண்டு. இந்த இடத்தில் படம் அவர்களைக் கேலி செய்கிறதா, மதிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இயக்குநர் அலெக்ஸாண்டர் மெக்கெண்ட்ரிக்குக்கு இது முதல் படம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1912இல் ஸ்காட்டிஷ் பெற்றோருக்குப் பிறந்து, தந்தை இறந்தபின் கிளாஸ்கோவில் தாத்தா வீட்டில் வளர்ந்தவர். ஓவியப் பள்ளி, விளம்பர நிறுவனம், போர்க்காலத்தில் அரசின் பிரச்சாரப் பணி என்று சுற்றி, 1946இல் ஈலிங் ஸ்டுடியோவுக்கு வந்தார். தயாரிப்பாளர் மோன்யா டானிஷெவ்ஸ்கிக்கும் தயாரிப்பில் இதுதான் முதல் அனுபவம். அதுவரை ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவில் இருந்தவர். 1948 கோடையில் ஈலிங்கின் தளங்கள் எல்லாம் வேறு படங்களுக்குப் போய்விட்டன. அதனால் முழுக் குழுவையும் பார்ராவுக்கு அனுப்பினார் ஸ்டுடியோ தலைவர் மைக்கேல் பால்கன். அன்றைய பிரிட்டிஷ் சினிமாவில் இது துணிச்சலான காரியம். குழு ஊர்க்காரர்கள் வீடுகளில் தங்கியது. ஊர்க்காரர்களே துணை நடிகர்கள். மழை விடவில்லை. பத்து வாரம் என்று போட்ட கணக்கு பதினைந்தை எட்டியது, செலவும் எகிறியது. முதலில் தொகுத்த வடிவம் பால்கனுக்குப் பிடிக்கவில்லை. பிறகு சார்லஸ் கிரைட்டன் மறுபடி தொகுத்துக் கொடுத்தார்.

மழையும் தீவும் படத்துக்கு ஓர் ஆவணப்படத்தின் தோலைக் கொடுத்தன. தொடக்கமே அப்படித்தான். பின்னணிக் குரல் பாடப்புத்தகத் தொனியில் தீவை அறிமுகப்படுத்துகிறது. இங்குள்ளவர்களுக்கு எளிய சில இன்பங்களே உண்டு என்கிறது. அந்த வேளையில் ஒரு சின்ன வீட்டிலிருந்து குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. குரல் எதையும் விளக்குவதில்லை. 1949இன் தணிக்கைக்கு நடுவில் இப்படியொரு நகைச்சுவையைக் கண்ணாலேயே சொல்லிவிட்டுப் போவது, விளம்பரப் படம் வரைந்து பழகிய கைக்கு வரும் சாமர்த்தியம்.

முதல் மடக்கு உள்ளே போகும் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடையின் பின்னறையில் சில ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சில்லை. கோப்பை கை மாறுகிறது. ஒருவர் மெல்ல வாய்ப்பாட்டு எடுக்கிறார். கேலிக் மொழியில், இசைக்கருவி இல்லாமல், வாயாலேயே நடனத்துக்குத் தாளம் கொடுக்கும் பாட்டு வகை அது. அடுத்தவர் சேர்கிறார், அடுத்தவர், அடுத்தவர். கொஞ்சநேரத்தில் அறையே பாடுகிறது. குடித்துத் தள்ளாடும் வழக்கமான சினிமாக் குடிகாரர் ஒருவர்கூட அங்கே இல்லை. பல மாதம் மழை காணாத ஊரில் மழை பெய்தால் முகங்கள் எப்படி மலருமோ அப்படி மலர்கின்றன.

அடுத்தது, சோதனை வருகிறது என்று தெரிந்ததும் பாட்டில்களை ஒளிக்கும் காட்சித் தொடர். தொட்டிலில் குழந்தைக்கு அடியில், வெந்நீர்ப் பையில், சுட்டுவைத்த 'பை' பலகாரத்தின் மேலோட்டுக்குக் கீழே, கூரைத் தண்ணீர் போகும் குழாயில். கிழவிகளும் சிறுவர்களும் படைவீரர்களைவிட ஒழுங்காக இயங்குகிறார்கள். வேகெட் ஊர்க்காவல் படையில் கொண்டுவரத் துடித்த கட்டுப்பாடு, அவருக்கு எதிராக ஒரே நிமிடத்தில் ஊருக்குக் கைவந்துவிடுகிறது. துரத்தல் காட்சியிலும் இதே குத்தல்தான்: அவர் போட்டுவைத்த முள்கம்பித் தடுப்பை வைத்தே அவருடைய காரை நிறுத்துகிறார்கள்.

1949இல் இதைப் பார்த்தவர்கள் யார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1940 ஜனவரியில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை என்று தொடங்கிய ரேஷன், போர் முடிந்தும் முடியவில்லை. போர்க்காலத்தில்கூட ரேஷனுக்குள் வராத ரொட்டி, 1946இல் வந்தது. மொத்த ரேஷனும் ஒழிய 1954 ஆனது. வென்ற நாடு இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கணக்கில்லாத விஸ்கி ஒரு ஊரின் கரைக்கே வந்து நின்றால் என்ன ஆகும் என்ற கதை, ரேஷன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தியேட்டருக்கு வந்தவர்களுக்காக எடுத்தது. அதே ஆண்டின் 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'வும் இதே பசியைத்தான் தொட்டது. ஆனால் அது கடைசியில் ரேஷன் அட்டையோடு சமாதானம் செய்துகொண்டது. 'விஸ்கி கலோர்!' சமாதானத்துக்கு வரவில்லை.

இனி வேகெட். பேசில் ராட்ஃபோர்ட் நடித்திருக்கிறார். ஹிட்ச்காக்கின் 'தி லேடி வேனிஷஸ்' (1938) படத்தில், ஐரோப்பா பற்றியெரியும் நேரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் தெரியவில்லையே என்று தவிக்கும் இரண்டு ஆங்கிலேயர்களில் ஒருவராக வந்து புகழ்பெற்றவர். அந்தப் பாத்திரத்தைப் பார்வையாளர்கள் நேசித்தார்கள். ஆகவே வேகெட்டாக அவர் வரும்போது வில்லன் வந்ததாக யாருக்கும் தோன்றாது. நேர்மையான மனிதர், நகைச்சுவை உணர்வு மட்டும் ஒரு துளியும் கிடையாது. தன்மேல் ஊருக்கு மதிப்பு இருக்கிறது என்று உண்மையாகவே நம்புகிறார்.

மெக்கெண்ட்ரிக் பிற்காலத்தில் சொன்ன ஒரு கருத்து படத்தையே திருப்பிப் போடுகிறது. இந்தப் படத்தில் உண்மையான ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கிலேயரான வேகெட்தான் என்றார். கடமை, ஒழுக்கம் என்ற கால்வினியப் பிடிவாதம் அவரிடம் மட்டுமே இருக்கிறது, மற்றவர்கள் எல்லாம் ஐரிஷ்காரர்கள் மாதிரி என்றார். அவர் வளர்ந்த வீடு அப்படிப்பட்டது. படப்பிடிப்பில் தயாரிப்பாளர் டானிஷெவ்ஸ்கி ஊர்க்காரர்கள் பக்கம், இயக்குநர் வேகெட் பக்கம். இந்த இழுபறி திரையில் பதிந்திருக்கிறது. ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு கிடைத்தது, வேகெட்டுக்கு நியாயம் கிடைத்தது. நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட, நீக்காமல் வைத்த ஒன்று இதுதான்.

நாவலாசிரியரின் நிலைமை இன்னும் வேடிக்கை. போர்க்காலத்தில் பார்ராவின் ஊர்க்காவல் படைக்குத் தலைவராக இருந்தவர் மெக்கன்ஸியே. வேகெட்டின் உத்தியோகம் அவருடைய உத்தியோகம். 1943இல் ஊர்க்காவல் படையைக் கிண்டல் செய்து எழுதிய நாவலிலேயே வேகெட்டை அவர் படைத்துவிட்டார். படத்தில் அவரும் தலைகாட்டுகிறார்: தரைதட்டும் கப்பலின் கேப்டனாக. வேகெட்டுக்கு வேலை வைத்த கப்பலை ஓட்டிவந்தவர் அவரைப் படைத்தவரே.

முடிவைப் பாருங்கள். வேகெட் திருப்பி அனுப்பிய தோட்டாப் பெட்டிகளில் ஒன்றில் விஸ்கி இருந்தது தெரியவருகிறது. கடத்தலைத் தடுக்கப் பாடுபட்ட ஒரே மனிதர்மேல் கடத்தல் சந்தேகம். விளக்கம் சொல்ல அவர் பெருநிலத்துக்குப் போக வேண்டும். செய்தி கேட்டு அவர் மனைவி சிரிக்கிறாள். கேத்தரின் லேசி நடித்த அந்தச் சிரிப்பு நிற்பதே இல்லை. படம் முழுக்கக் கணவனை மரியாதையோடு பார்த்துவந்தவள் அவள். ஊர் அவரைக் கைவிட்டது நகைச்சுவை. வீடும் கைவிடுவது வேறு விஷயம். ராட்ஃபோர்டின் முகத்தில் கோபம் இல்லை, என்ன நடந்தது என்றே புரியாத திகைப்பு. சரியாக நடந்துகொண்டதற்காக ஒரு மனிதன் அழிவதை இவ்வளவு சிரிப்புக்கு நடுவே காட்டிய படம் ஈலிங்கில் வேறில்லை. மெக்கெண்ட்ரிக் அடுத்து எடுத்த 'தி மேன் இன் த ஒயிட் சூட்' (1951), 'தி லேடி கில்லர்ஸ்' (1955), அமெரிக்காவில் எடுத்த 'ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்ஸஸ்' (1957) ஆகியவற்றின் கசப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் இந்தச் சிரிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவில் படத்துக்கு வேறு தொல்லை. தலைப்பில் விஸ்கி வரக் கூடாது என்பதால் 'டைட் லிட்டில் ஐலண்ட்' ஆனது. கொள்ளையடித்தவர்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்று முடிக்கவும் ஹாலிவுட் விதி இடம் கொடுக்கவில்லை. அதனால் விஸ்கி தீர்ந்தது, எல்லோரும் துயரத்தோடு வாழ்ந்தார்கள், குடிப் பழக்கம் இல்லாத ஒரு ஜோடி மட்டும் சுகமாக இருந்தது என்று பின்னணிக் குரல் அறிவிக்கிறது. அறநெறியைக் கேட்டவர்களுக்கு அறநெறியையே கேலியாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. ஜோன் கிரீன்வுட்டின் குரலுக்காகவே அவரைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், ஆனால் அவர் நடித்த மக்ரூனின் மகள் பெகிக்கும் சார்ஜண்ட் ஆட் என்பவருக்கும் இடையிலான காதலில் எழுதியவர்களுக்கே அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்குப் பயந்த ஆசிரியராக வரும் கார்டன் ஜாக்சன், இரண்டு மடக்கு விஸ்கியின் பலத்தில் எதிர்த்து நிற்கும் கிளைக்கதை அதைவிட நன்றாக அமைந்திருக்கிறது.

வேகெட்டின் சாயல் 1968இல் பிபிசி தொடங்கிய 'டாட்ஸ் ஆர்மி' தொடரின் கேப்டன் மேன்வாரிங்கில் தெரியும். அவரைத் தொடர் ஒன்பது ஆண்டுகள் அன்போடு காப்பாற்றியது. வேகெட்டை யாரும் காப்பாற்றவில்லை. 2016இல் 'விஸ்கி கலோர்!' படத்தை வண்ணத்தில் மறுபடி எடுத்தார்கள், எடி இஸார்ட் வேகெட்டாக நடித்தார். அழகான கடற்கரை, அழகான உடைகள்; எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிடுகிற மென்மைதான் அதில் இருக்கிறது. பார்ப்பதானால் 1949ஆம் ஆண்டுப் படத்தையே பாருங்கள், 82 நிமிடம்தான். ஊர்க்காரர்கள் பக்கம் நின்று ஒருமுறை, வேகெட் பக்கம் நின்று ஒருமுறை.